கேட்கக் கூடாத சுகம்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் யோகராணியைக் கோயிலுக்குப் புறப்படும் அவசரத்தில், காயாத தலையோடு காரில் ஏற்றிவிட்டு வந்தோம். அவள் எதை மனசுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு புறப்பட்டாள் என்பது நமக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து காரோட்டிய புருஷன் நாகராஜனுக்குத் தெரியாது. வீட்டில் படித்துக்கொண்டிருந்த மகள் சந்திரகலாவுக்கும் தெரியாது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். மெல்பேணின் கிளென் வேவர்லியில் பதினாறு வருடமாக இருக்கும் ராணி, ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். இப்போது பதினொரு மாதமாக நகரத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு மாடியில் வேலை. வீட்டில் இன்னமும் ஆஸ்பத்திரிக் கடுதாசி மொழிபெயர்ப்பு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையில் தாளில் அடித்துக் கட்டுக் கட்டாக அவள் மேசைக்கு வருவது மற்றவர்களுடைய ஈமெயில். இங்கிலீஷ் எழுத்தில் யாழ்ப்பாணத் தமிழ் எழுதும் நம்மவர்களின் ஈமெயில். அரசாங்கத்தின் மெஷின்களுக்கு அது விளங்காது, ராணிக்கு விளங்கும். அதை வாசித்து இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏன், எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. வெளியில் மூச்சு விட்டால் சிறை என்ற தாளில் கையெழுத்து வைத்திருக்கிறாள்.

பெப்ரவரி மாதம் ஒரு நாள் அவள் பிரித்த தாள்கட்டில் இருந்தவை விமலாதேவியின் கடிதங்கள். விமலா அவளுடைய உற்ற சிநேகிதி. மெல்பேணுக்கு வந்த முதல் வருடத்திலிருந்து இருவரும் ஒருத்தி வீட்டுக் குசினியில் மற்றவள் சமைக்கும் அளவுக்குப் பழக்கம். தெரிந்தவர்களின் கடிதம் வந்தால் உடனே சொல்லிக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. ராணி சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

இரண்டாயிரத்து எட்டு யூலை, சனிக்கிழமை மத்தியானம். த பேசின் என்ற மலையடி ஊரில், பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. மலையடிக் குளிர் எலும்புக்குள் இறங்கியது. சுடுசோற்றின் ஆவி முகத்தில் பட்டாலே போதும் என்று சனம் வரிசையில் நெருக்கிக்கொண்டு நின்றது. விமலா சோறு போட, ராணி பக்கத்தில் நின்று கறி வைத்தாள். விமலாவின் புருஷன் சிறிதரன் சாம்பார் வாளியோடு நின்றார். அவர்களுக்கு அடுத்தபடியாக அப்பளத் தட்டோடு நாகேஸ்வரி அன்ரி. இந்த அன்ரிக்கு ஒரு செய்தி கிடைத்தால் அது மறுநாள் எண்ணூறு கிலோமீற்றர் தள்ளிப் பிளாக்டவுனில் இருக்கும் அவருடைய தங்கச்சி வீடு வரைக்கும் போய்விடும்.

நம்முடைய ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கையில் எத்தனை வேலை இருந்தாலும் வாய் சும்மா இராது, வாயைத் திறந்தால் முதலில் வருவது சுகம் விசாரிப்பு. அம்மா எப்படி, அப்பாவின் சலரோகம் எப்படி, மருமகளுக்கு எத்தனை மாதம் என்று கேட்காவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. அன்பும் அதுதான், மரியாதையும் அதுதான். ராணி ஐம்பத்தொரு வருடமாக அப்படிக் கேட்டே பழகியவள்.

புதன்கிழமை வந்த கட்டை வாசித்துவிட்டு, வியாழக்கிழமை முழுக்க அவள் ஒரு கிழவியை நினைத்துக் கவலைப்பட்டிருந்தாள். வவுனியாவில் விமலாவின் அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன். எழுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. கண்கட்டு அவிழ்க்கும் நாள் கடிதத்தில் எழுதியிருந்தது, அவிழ்த்த பிறகு என்ன ஆயிற்று என்று எழுதியிருக்கவில்லை. அந்தக் கவலை அப்படியே வாயால் வந்துவிட்டது.

"அம்மாவின்ர கண்கட்டு அவிட்டாச்சோ விமலா? வெளிச்சம் தெரியுதாமோ?"

"ஓம், நேற்று அவிட்டவை. நிழல் மாதிரித் தெரியுதாம்," என்றாள் விமலா. அடுத்த தட்டுக்குச் சோறு அள்ளினாள். அள்ளிய அகப்பை பாதியில் நின்றது.

விமலாவின் அம்மா இருப்பது விமலாவின் தம்பி வீட்டில். அந்தத் தம்பிக்கும் சிறிதரனுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. விமலாவின் அப்பாவின் செத்தவீட்டில் தம்பி சொன்ன ஒரு சொல்லுக்காக, அந்த வீட்டுக்குக் கடிதமோ ரெலிபோனோ கூடாது என்று சிறிதரன் அன்றைக்கே சொல்லிவிட்டார். மனிதர் கெட்டவரில்லை. சொன்ன சொல்லை மாற்றத் தெரியாதவர், அவ்வளவுதான். அந்த மனிதர் வாளியோடு இரண்டடி தள்ளி நின்றார்.

"ஆருக்குக் கண் ஒப்பரேசன்?" என்று கேட்டார்.

 விமலா புருஷனைப் பார்க்காமல் ராணியைப் பார்த்தாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே ராணி. உனக்கு ஆர் சொன்னது?"

பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று ராணிக்கு இருந்தது.  உண்மையைச் சொல்ல முடியாது. பொய் சொல்லவும் அவகாசம் இல்லை. அந்த ஒரு நொடியில் அவள் வாய் தேடிப் பிடித்த பெயர் என்ன தெரியுமா? சொல்லவே எனக்குக் கூசுகிறது.

"கலா... கலாதான் ஏதோ கதைக்கேக்க சொன்னவள்."

பெற்ற மகளின் பெயர்!

அது சும்மா வந்த பெயரும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கிளென் வேவர்லி நூலகத்தில் விமலாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்த்தி, ஈமெயில் திறந்து கொடுத்தவள் கலாதான். பாஸ்வேர்டை எனக்கும் சொல்லாதேங்கோ அன்ரி என்று படித்துப் படித்துச் சொன்னாள். விமலாவுக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்து அடிக்க வராததால் முதல் தரம் கலாவின் விரல்தான் அதை அடித்தது. புருஷனுக்குத் தெரியாமல் செவ்வாயும் வெள்ளியும் கடைக்குப் போகும் சாட்டில் விமலா நூலகத்துக்குப் போவதும் கலா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அதைத் தாயிடம்கூட மூச்சு விட்டதில்லை.

சிறிதரன் வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். துண்டில் கையைத் துடைத்தார். சாப்பிடாமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விமலா, "கலாவோ," என்று மட்டும் சொன்னாள். பிறகு கடைசி ஆள் சாப்பிட்டு முடியும் வரைக்கும் சோறு போட்டாள். எங்கட காரில வா என்று ராணி கூப்பிட்டதற்கு, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நாகேஸ்வரி அன்ரியின் காரில் ஏறினாள்.

பாத்திரமெல்லாம் கழுவி முடித்துப் பிந்தித் திரும்பி வரும் வழியெல்லாம் நாகராஜன் கதைத்துக்கொண்டே வந்தார். சிறிதரன் ஏன் அப்படிப் போனார், சாம்பாரில் உப்புக் கூடிப்போனதா, இல்லை விமலாவோடு ஏதாவது கொளுவலா என்று அவருக்கு ஆயிரம் கேள்வி. ராணி தலையிடி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்குள் அவளுடைய மேசைதான் தெரிந்தது. இப்போது சொல்கிறேன், ஏன் அவள் அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று. விமலாவுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும், தெரிந்த ஒருத்தி வாசித்தால் பிழையாக எழுத மாட்டாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான். மீதிப் பாதி, அவளுக்கு அந்தக் கடிதங்கள் பிடித்துப்போயின. விமலா நேரில் வாயைத் திறக்க மாட்டாள், கடிதத்தில் அப்படி எழுதுவாள். அடுத்து என்ன என்று ராணி காத்திருந்தாள். புதன்கிழமையும் திங்கட்கிழமையும் புதுக் கட்டு வந்தால் மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் பிரிப்பாள்.

நீங்களும் வாரா வாரம் காத்திருந்துதான் வாசிக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இது உங்களுக்கென்று எழுதியது. அது ராணிக்கென்று எழுதியதா?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கடிதங்களில் அவளுடைய பெயரே நாலைந்து இடத்தில் வந்தது. எனக்கென்று இங்கே ராணி ஒருத்திதான் என்று ஓரிடத்தில் விமலா எழுதியிருந்தாள். ராணி அதை இங்கிலீஷில் போடும்போது தன் பெயரை எடுத்துவிட்டு, ஒரு சிநேகிதி என்று எழுதினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்தாள், தேத்தண்ணி குடித்தாள், விமலாவோடு அரை மணி நேரம் ரெலிபோனில் சிரித்துக் கதைத்தாள். எப்படி முடிந்தது என்று இப்போது நினைத்தால் தன் முகத்தில் தானே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது கலா சாப்பாட்டு மேசையில் இருந்தாள். சட்டப் புத்தகங்கள் திறந்தபடி கிடந்தன, அவள் வாசிக்கவில்லை. இருபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்முடைய வயதான பெண்களுக்கு ஈமெயில் பழக்கும் வகுப்பு ஒன்றை அவள்தான் நடத்துகிறாள்.

"அம்மா, விமலா அன்ரி கோல் பண்ணினவ," என்றாள். "அவவின்ர அம்மாவுக்கு ஒப்பரேசன் எண்டு நான் உங்களுக்குச் சொன்னனானாம்."

விமலா ஏசவில்லையாம். பிழை என்னிலதான் பிள்ளை, பாஸ்வேர்டை நான் அப்பவே மாத்தியிருக்கோணும், நீ யோசிக்காதை என்றாளாம். அது ஏச்சை விட மோசமாகச் சுட்டது என்றாள் கலா. அதற்குள் நாகேஸ்வரி அன்ரியின் உபயத்தால் வகுப்புப் பெண்களில் மூன்று பேர் ரெலிபோன் எடுத்து, நாளைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது ஆள், என்ர கடிதமும் வாசிச்சனியோ பிள்ளை என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"நான் ஓபன் பண்ணிக்கூடப் பாக்கேல்லை, ஐ ஸ்வேர். ஒப்பரேசன் எண்டதே இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்பிடித் தெரியும் அம்மா?"

கோயிலில் யாரோ கதைத்தது காதில் விழுந்தது என்று ராணி தொடங்கினாள். யார் என்று கலா கேட்டாள். ராணியிடம் பெயர் இல்லை. நாகராஜன், சின்ன விசயத்துக்கு ஏன் இவ்வளவு என்று இடையில் புகுந்தார். கலா தகப்பனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சட்டம் படிக்கிற பிள்ளை, ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆஸ்பத்திரி வேலைக்கு ஏன் மொபைலை வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்? முன்பெல்லாம் மருத்துவச் சொல் ஒன்று தெரியாவிட்டால் வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டுவீர்களே, பதினொரு மாதமாக அதை ஏன் தொடவில்லை? எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் ஏன் ஒவ்வொரு தரமும் வேறு கதைக்குப் போகிறீர்கள்?

ராணி கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோட்டுப் பார்த்து எழுதிப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளையின் நிலைதான்.

"நீங்கள் ஆக்களின்ர மெயில் வாசிக்கிறீங்கள்," என்றாள் கலா. அது கேள்வி இல்லை.

நாகராஜன் சிரிக்கப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னப்பா இது? இல்லையெண்டு சொல்லுமன்," என்றார்.

அவள் சொல்லவில்லை. நான் வாசிக்காவிட்டால் இன்னொருவர் வாசிப்பார், அரசாங்கம் செய்கிற வேலை, அதில் என் கை ஒரு பேனா பிடித்த கைதான் என்றெல்லாம் ஏதோ முணுமுணுத்தாள். அவள் காதுக்கே அது நன்றாக இல்லை. கலா அழவுமில்லை, கத்தவுமில்லை. காரின் சாவியை எடுத்தாள்.

"அரசாங்கம் செய்யிறதை நான் பேந்து கேக்கிறன். அன்ரி இப்ப நான் வாசிச்சன் எண்டு நம்பிக்கொண்டு இருக்கிறா. அதை நீங்கள் இண்டைக்கே போய் மாத்தோணும்."

ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. விமலாவின் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கலா உள்ளேயே இருந்துகொண்டாள். ராணி தனியாகப் போய் மணி அடித்தாள். கராஜில் வெளிச்சம் இருந்தது. சிறிதரன் அங்கே எதையோ தட்டிக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை.

விமலா அவளைக் குசினிக்குக் கூட்டிப் போய் இருத்தினாள். அந்த நிலையிலும் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள். கலாவோட கோவிச்சுப் போடாதை, இளம் பிள்ளை, வாய் தவறிச் சொல்லியிருப்பாள் என்று அவளே முந்திக்கொண்டு சமாதானம் சொன்னாள். அதற்கு மேல் ராணியால் தாங்க முடியவில்லை.

"கலா ஒண்டும் சொல்லேல்லை. அவளுக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் வாசிச்சனான்."

விமலாவுக்கு விளங்கவில்லை. உனக்குக் கொம்பியூட்டர் திறக்கவே வராதே என்றாள். எப்படி என்று கேட்டாள்.

"அதைச் சொன்னால் என்னைப் பிடிப்பினம். என்ர வேலை அது, விமலா. தாள்ல அடிச்சு என்ர மேசைக்கு வரும்."

கேத்தல் கொதித்துத் தானாக நின்றது. விமலா அதைத் தொடவில்லை. மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். தனக்குள் ஒவ்வொரு கடிதமாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது ராணிக்குத் தெரிந்தது.

"எத்தினை கடிதம்?"

"எல்லாம். பெப்ரவரியில இருந்து."

"அப்ப, மே மாசம் எழுதினதும்?"

ராணி தலை குனிந்தாள். மே மாதம் விமலா தம்பிக்கு எழுதியது, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பிறந்து நாலாம் நாள் செத்துப்போன பிள்ளையைப் பற்றி. இத்தனை வருடச் சிநேகிதத்தில் ராணியிடம் ஒரு நாளும் சொல்லாதது. இருந்திருந்தால் இந்தக் கிழமை பதினெட்டு, எனக்கு மூன்று நாளாகத் தண்ணிகூட இறங்கவில்லை என்று எழுதியிருந்தாள்.

"அடுத்த நாள் நீ இலைக்கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தனீ," என்றாள் விமலா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கேக்காமலே கொண்டு வந்தனீ. அதைத் தெய்வச் செயல் எண்டு தம்பிக்கு எழுதினனான். அதையும் வாசிச்சனியோ?"

"ஓம்."

"வாசிச்சு, இங்கிலீசில எழுதிக் குடுத்தனீ."

"ஓம்."

விமலா எழுந்து சிங்க் பக்கம் திரும்பி நின்றாள்.  அந்தக் கஞ்சியை அவள் உண்மையான அன்போடுதான் காய்ச்சினாள், அது சத்தியம். இனி அதை யாரிடம் சொல்லி என்ன? சொல்லிப் பார்க்கவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இனி நான் அம்மாவின்ர கண்ணைப் பற்றி ஆரிட்டக் கேக்கிறது?" என்றாள் விமலா, திரும்பாமலே.

ராணி கதிரையை விட்டு எழுந்தாள்.

விமலா இன்னொன்றும் சொன்னாள். கோயிலால் வரும்போது நாகேஸ்வரி அன்ரியின் காரை நிறுத்தச் சொல்லி நூலகத்தில் இறங்கினாளாம். தம்பிக்குக் கடைசிக் கடிதம் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்து வந்தாளாம்.

"இனி இந்த விலாசத்துக்கு எழுதாதை எண்டு போட்டனான். ஆராலை வெளிய போனது எண்டு அவன் கேப்பான்தானே. அதால முழுப் பேரும் எழுதினனான். நாகராஜன் சந்திரகலா, சட்டம் படிக்கிறவள், எங்கட பொம்பிளையளின்ர பாஸ்வேர்ட் எல்லாம் அவளுக்குத் தெரியும் எண்டு."

 அலுவலகத்துத் தாளின் அடியில் ஒரு கட்டம் உண்டு. கடிதத்தில் முழுப் பெயர் வந்தால் அதில் எழுத வேண்டும், பெயர், தொழில், என்ன தொடர்பு என்று. அந்தக் கட்டத்தில் பெயர் ஏறிய ஆளின் ஈமெயில் அடுத்த மாதமே தனிக் கட்டாக வரத் தொடங்குவதை அவள் தன் கண்ணால் நாலு தரம் பார்த்திருக்கிறாள். எழுதாமல் விட்டால், எல்லாவற்றையும் சரிபார்க்கிறவர் இன்னொருவர் இருக்கிறார். இந்தத் தரம் ஒரு சிநேகிதி என்று மழுப்ப முடியாது.

"அனுப்பீட்டியோ?"

"அப்பவே போட்டுது."

விமலா அவளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். போட்டு வாறன் என்று ராணி சொன்னாள், பழக்கத்தில். வா என்று விமலா சொல்லவில்லை. கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

காருக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ராணி ஏறி உட்கார்ந்ததும், அன்ரி என்ன சொன்னவ என்று கலா கேட்டாள்.

"உன்னில பிழை இல்லையெண்டு அவவுக்கு இப்பத் தெரியும்."

கலா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஒரு பெரிய மூச்சு விட்டாள். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தாள். நாளைக்கு வகுப்புக்குப் போகப் போவதாகச் சொன்னாள். யார் வந்தாலும் வராவிட்டாலும் போவாளாம்.

"உங்களோட நான் கதைக்க இன்னும் கனக்க இருக்கு அம்மா. ஆனா இப்ப இது போதும். என்ர பேர் ஒரு இடத்திலயும் கெடேல்லைத்தானே?"

ராணி சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டாள். வாயைத் திறந்தாள். மகளின் ஈரமான முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் பிள்ளை," என்றாள்.